போன் காட்டிய இரண்டரை பாயிண்ட்

வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்கள் செஸ் அணிக்கான தேர்வுப் போட்டி. கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தவள் கடலோரக் குப்பத்துக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். நான் குருவிநத்தம். அன்று காலை பாகூரிலிருந்து ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தோம்.

மூன்று மணி நேரம் ஆடியபின் பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. என்னிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் இரு தரப்புச் சிப்பாய்களும் ஓரத்திலிருந்து ஓரம்வரை முட்டிக்கொண்டு நின்றன. என் ராஜா அந்தப் பக்கம் போக ஒரு சந்துகூட இல்லை. இரண்டு தடவை மனசுக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு டிரா கேட்டேன். அவள் உடனே கை கொடுத்தாள். அந்த டிராவில் இருவருக்குமே அணியில் இடம் கிடைத்துவிட்டது.

எங்களுக்கு அடுத்த இடத்தில் வந்து அணியைத் தவறவிட்ட பெண்ணின் அப்பா, எங்கள் காய்களை ஒரு செஸ் ஆப்பில் அடுக்கி, போனை நீட்டிக்கொண்டு நடுவரிடம் வந்தார்.

“சார், மெஷின் இந்தம்மாவுக்கு ரெண்டரை பாயிண்ட் ஜாஸ்தின்னு காட்டுது. ஜெயிக்கிற ஆட்டத்த எதுக்கு டிரா கேக்கணும்? காலைல ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குனத நானே பாத்தேன்.”

வில்லியனூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் செஸ் சொல்லிக்கொடுப்பவள் நான். பேசிவைத்து ஆடினாள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை போய்விடும்.

“இன்னாமா, நீ சொல்லு,” என்றார் நடுவர்.

“அது சிப்பாய் ஜாஸ்தின்னு பாக்குது சார். ராஜா உள்ள போவ வழியே இல்ல.” பலகையில் முட்டி நின்ற சிப்பாய்களைக் காட்டினேன்.

“அப்ப மெஷினே ஆடட்டும்,” என்றார் நடுவர்.

என் பக்கத்தைப் போன் ஆட, அவள் எதிர்த்து ஆடினாள். சுற்றிலும் கூட்டம். போனின் ராஜா இடப்பக்கம் போனது, திரும்பியது, வலப்பக்கம் போனது. அது நகரும்போதெல்லாம் எங்கேயாவது நுழைந்துவிடுமோ என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். முப்பது மூவ் போயும் திரையில் அதே இரண்டரை.

“போதும்பா. நம்பர் காட்டுது, வழி காட்டல. டிரா டிராதான்,” என்று நடுவர் எழுந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நாங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டோம்.

மறுநாள் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்தக் காய்களை அடுக்கி, மெஷினை யோசிக்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் இரண்டரை ஏழாகியிருந்தது. என் ராஜாவை வலது கோடிக்கு நடத்தி, அவள் ராஜாவையும் அங்கே இழுத்து, இடப்பக்கம் இரண்டு சிப்பாய்களைச் சும்மா வெட்டுக்கொடுத்தது மெஷின். மூன்றாவது ஓடிப்போய் ராணியாகிவிட்டது. எனக்கு அந்தச் சிப்பாய் வரிசை சுவர். சுவரில் வாசல் இருக்கிறதா என்றுதான் தேடினேன். சுவரையே கொடுத்துவிடலாம் என்று தோன்றவில்லை.

முந்தின நாளைவிட அதிகமாகப் பயந்தேன். நேற்று உண்மை என் பக்கம் இருந்தது. அவளுக்குப் போன் போட்டேன்.

“எனக்கும் தெரியலயேக்கா! யார்கிட்டயும் சொல்லாதக்கா, விட்டுடு,” என்றாள். அழுகிறாள் என்று புரிந்தது.

அந்தக் காய்களை இன்னொரு தடவை நகர்த்திப் பார்த்தேன். பிறகு நடுவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“நேத்து உனக்கு இது தெரியுமாமா?”

“தெரியாது சார்.”

“நெஜமா?”

“நெஜமா தெரியாது சார்.”

“தப்பா ஆடறது குத்தம்னா மொதல்ல என்னத்தான் வெளிய அனுப்பணும். அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நானே சொல்லிடுறேன். நீ போய் வேலையப் பாரு.”

பட்டியல் மாறவில்லை. எனக்கு அன்று அது தெரியாது என்பதை அந்த அப்பா நம்பினாரா என்று மட்டும் தெரியவில்லை. வில்லியனூர் மார்க்கெட்டில் அவர் சாயலில் யாரைக் கண்டாலும், காய்கறிப் பையை அணைத்துக்கொண்டு அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறேன்.