கடையைக் கழற்றி ஒளித்த நாள்

கையில் ஃபைலோடு ஒரு மனிதர் நடந்து வந்தால் என் வயிறு ஒரு சத்தம் போடும். டாக்டர் அதை வாயு என்கிறார். வாயு இல்லை, அரசாங்கம் என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு என்னுடையது. என்னுடையது என்று சொன்னால் என் மனைவி சிரிப்பாள். முதுகு பிடித்துக்கொண்டதால் நான் குலை வெட்டும் வேலையை எப்போதோ விட்டுவிட்டேன். அவள் உதிரிப் பழம் பொறுக்கப் போனாள். அவள் பேர் தோட்டத்துக் கணக்கில் இருந்ததால் எங்களுக்கு வீடு இருந்தது. வீட்டுக்குப் பக்கச் சுவர் இருந்ததால் எனக்குத் தேநீர்க் கடை இருந்தது. அந்தச் சுவரில் நாலு தகரத்தைச் சாய்த்து, கீழே ஒரு பெஞ்சும் மண்ணெண்ணெய் அடுப்பும் போட்டிருந்தேன். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. தோட்ட ஆப்பிஸில் கணக்கு எழுதும் கிராணி தினமும் வந்து சும்மா குடித்துவிட்டுப் போவார். அதையே அனுமதி என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கே போனாலும் ஒரே பேச்சு. தொழிலாளர் சட்டத்தை மாற்றுகிறார்களாம். தோட்டத்தில் பாதி வீடமைப்புக்குப் போகிறதாம். மிச்சப் பாதியில் வேலையைக் குத்தகைக்காரர் எடுத்துக்கொள்வாராம். பஸ் ஸ்டாண்டில் ஒரு சட்டம், பாசாரில் வேறொரு சட்டம், கோயில் வாசலில் இரண்டுக்கும் எதிரான மூன்றாவது சட்டம். நான் மூன்றையும் நம்பினேன்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் என் கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து தைரியம் சொன்னார்.

"பயப்படாதீங்கண்ணே. வேலைய நிறுத்துனா நஷ்டஈடு குடுத்தாகணும், சட்டம் இருக்கு. வீடு கேட்டிருக்கோம். கடை போட எடமும் கேட்டிருக்கோம்."

அந்தக் 'கேட்டிருக்கோம்'தான் என்னைக் கலக்கியது. கேட்டதெல்லாம் கிடைத்திருந்தால் எனக்குத் தலையில் முடி இருந்திருக்கும்.

என் கவலை ரொம்ப எளிமையானது. மனைவிக்கு வேலை போனால் வீடு போகும். வீடு போனால் சுவர் போகும். சுவர் போனால் தகரத்தை எதில் சாய்ப்பது? இதைப் புரண்டு புரண்டு நான் யோசித்த நேரமெல்லாம் பக்கத்தில் அவள் நிம்மதியாகக் குறட்டை விட்டாள்.

ஒரு நாள் விடியலில், பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிட்டு முடித்ததும், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சொன்னார்: "நாளைக்கு டிஸ்திரிக்ட் ஆப்பிஸ்லேருந்து ஆப்பிசர் வர்றாரு. லயத்தப் பாக்கணுமாம்."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. லயத்தைப் பார்க்க யாராவது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒளிக்க வேண்டும். முன்பொரு மானேஜர் வந்து பார்த்துவிட்டுப் போன மறுநாளே கோழிக்கூடுகளையும் வேலிகளையும் பிடுங்கி லோரியில் ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்து கொசு மருந்து அடிக்க வருகிறவர் ஆனாலும் சரி, அவர் கண்ணுக்கு வெறும் லயம் மட்டும்தான் தெரிய வேண்டும்.

சாயங்காலமே வேலை ஆரம்பித்துவிட்டது. கோழிகள் கூடைக்கு அடியில் போயின. மரவள்ளிப் பாத்தியைச் செம்பனை மட்டை மூடியது. பக்கத்து வீட்டு அக்கா தன் பசுவையும் கன்றையும் மரங்களுக்குள்ளே வெகு தூரம் ஓட்டிக்கொண்டு போனார். நான் சுத்தியலோடு கடை மேல் ஏறினேன். மனைவி கீழே வந்து நின்றாள்.

"இந்தாங்க, என்னா பண்றீங்க அங்க?"

"கடையக் கழட்டுறேன்."

"எதுக்கு வர்றாருன்னு மண்டோர ஒரு வார்த்த கேட்டுட்டுக் கழட்டலாம்ல?"

"கேக்கப் போனா கடை இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டி!"

"அந்த மண்டோரே உங்க கடையிலதான் பசியாறுறாரு."

"அதான் எனக்குப் பயமே!"

தகரம், பெயர்ப்பலகை, பெஞ்சு எல்லாவற்றையும் கால்வாய்க்குள் இறக்கி மட்டையால் மூடினேன். சுவரில் படிந்திருந்த அடுப்புக் கரி மேல் சுண்ணாம்பு அடித்தேன். இனி என் கடையை நானே தேடினாலும் கிடைக்காது என்று பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை ஆப்பிசர் வந்தார். சின்ன வயசு மலாய்க்காரர், சிரித்த முகம். ஆனால் கையில் ஃபைல். என் வயிறு தன் கடமையைச் செய்தது. கூட வந்த மண்டோரிடம் அவர் மலாயில் கேட்டார்: இந்த லயத்தில் யார் கடை வைத்திருக்கிறார்கள், யாரிடம் மாடு இருக்கிறது, யார் காய்கறி போடுகிறார்கள்?

மண்டோர் நெஞ்சை நிமிர்த்தி, "தாடா, துவான்!" என்றார். ஒன்றுமே கிடையாதாம். துடைப்பத்தோடு நின்றிருந்த நான் அதற்குத் தலைவேறு ஆட்டினேன்.

ஆப்பிசருக்கு ஏமாற்றம். பெரிய ரோட்டுச் சடக்கோரம் மலிவு வீடு கட்டப்போகிறார்கள், நீங்கள் எல்லோரும் அங்கே போவீர்கள், வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கடை இடமும் மாடு வைத்திருப்பவர்களுக்கு மேய்ச்சல் இடமும் ஒதுக்கத்தான் வந்தேன், இன்றைக்குக் கண்ணால் பார்ப்பதை மட்டும்தான் எழுத முடியும் என்றார். பிறகு, "பரவாயில்லை, என் வேலை மிச்சம்" என்று அடுத்த லயத்துக்கு நடந்தார்.

அன்று என் மனைவி லீவு போட்டிருந்தாள். என் கூத்தைப் பார்க்கத்தான் என்று பிற்பாடு சொன்னாள்.

"நிக்காதீங்க. ஓடுங்க," என்றாள்.

ஓடினேன். முதுகு வலி எங்கே போனதோ தெரியவில்லை. எனக்கு முன்னால் பாதி லயம் ஓடிக்கொண்டிருந்தது. கூடைகள் கவிழ்ந்து கோழிகள் பறந்தன. அக்கா மரங்களுக்குள்ளே பசுவின் பேரைச் சொல்லிக் கத்தும் சத்தம் கேட்டது. நான் தகரத்தைத் தூக்கி, இடத்தில் வைத்து, அடித்த ஆணியில் பாதியை வளைத்து, ஈரச் சுண்ணாம்பில் சாய்ந்து சட்டையெல்லாம் வெள்ளையாகி, பெயர்ப்பலகையைத் தலைகீழாக மாட்டி முடித்தபோது ஆப்பிசர் திரும்பி வந்துவிட்டார்.

கடையைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார்.

"இது காலையில் இல்லையே?"

"நேற்று இருந்தது, துவான். காலையில் மட்டும்தான் இல்லை."

சத்தியமான பேச்சு. ஆனால் என் வாயைவிட்டு வெளியே வரும்போதே அது பொய் மாதிரி ஆகிவிட்டது. லயமே கூடிநின்று ஒரே குரலில் "ஆமாம், துவான்" என்றது. ஒரே குரலில் சொன்னதால் அவருக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது. மண்டோரோ தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர்தானே ஒன்றும் இல்லை என்றவர்.

"இடம் கிடைக்கும் என்றதும் கடை முளைத்துவிட்டதா?" என்று ஆப்பிசர் ஃபைலை மூடினார். மூடியது ஃபைலை அல்ல, என்னை. வீட்டுக்கு மனைவி பேர் இருக்கிறது. எனக்கு இந்தத் தகரத்தை விட்டால் எதுவும் இல்லை.

அப்போது சடக்கில் இரண்டு முறை ஹாரன் அடித்தது. பழம் ஏற்றிய லோரி. ஓட்டுபவர் செகிஞ்சான் ஊர்ச் சீனர். தினமும் இந்த நேரத்துக்கு நிறுத்துகிறவர். எங்கள் ஓட்டமும் ஒளிப்பும் எதுவும் அவருக்குத் தெரியாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்னை முதலாளி ஆக்கி, மலாயில் கத்தினார்:

"தவுக்கே, தே ஓ ஒண்ணு! நேத்து மாதிரி சீனிய அள்ளிக் கொட்டாதலா! என்ன, போர்டு தலைகீழா நிக்குது?"

ஆப்பிசர் மெதுவாகத் திரும்பினார். "நேற்று இங்கேயா குடித்தாய்?"

"தினமும் இங்கதான்லா. இவன் தே ஒண்ணும் நல்லா இருக்காது. வேற கடை இல்ல, என்ன செய்ய?"

என் தேநீரைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு அருமையாகப் பேசியதில்லை. ஆப்பிசர் சிரித்துவிட்டார். ஃபைலைத் திறந்தார், எழுதினார். போவதற்கு முன் ஒரு குவளை வாங்கிக் குடித்து, "சீனி அதிகம்" என்றார்.

பசு மட்டும் இருட்டிய பிறகுதான் வந்தது. அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை, எழுதவும் இல்லை. அக்கா கோலா சிலாங்கூர் ஆப்பிசுக்கு நடையாய் நடந்தார். வீடு மாறும்போது மாட்டை விற்றுவிட்டுத்தான் வந்தார். அவர் எதிரில் நான் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதில்லை.

மனைவியின் வேலை, பேசிக்கொண்ட மாதிரியே, குத்தகைக்காரர் கைக்குப் போனது. சங்கம் விடாமல் நின்றதால் நஷ்டஈடு வந்தது. வீடும் வந்தது, நான் போய்ப் போய்த் தூண்களைத் தட்டிப் பார்த்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கிய பிறகு. கடைக்கும் இடம் கிடைத்தது. சிமெண்டுத் தரை, கல் சுவர்.

அதில்தான் எனக்கு இப்போது புதுக் கவலை. இந்தக் கடையைக் கழற்ற முடியாது. ஃபைலோடு யாராவது வந்தால் கை தானாகப் பெயர்ப்பலகைப் பக்கம் போகிறது. அதற்காகவே என் மனைவி சுத்தியலை எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். எங்கள் தோட்டத்தில் பிறந்தவள் அல்லவா, இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.