மரபு மேட்டின் மேலாளர் ஓடிய ஞாயிற்றுக்கிழமை

வெம்பக்கோட்டையிலிருந்து எம். புதுப்பட்டி போகும் பாதையில் ஒரு மேடு உண்டு. மேட்டின்மேல் ஒரு வீரக்கல், கூரை போன ஒரு கல் மண்டபம், சுற்றிலும் சீமைக்கருவேலம். முன்னோர் விட்டுப்போனது அவ்வளவுதான். மீதியைச் சென்னையிலுள்ள ஒரு மரபுச் சுற்றுலா அறக்கட்டளை செய்து முடித்தது: கம்பி வேலி, டிக்கெட் கவுன்ட்டர், 'வரலாறு உங்களை வரவேற்கிறது' என்ற பலகை, டைல்ஸ் பதித்த ஓர் அருமையான கழிப்பறை. இத்தனைக்கும் மேலாளராக நியமிக்கப்பட்டவர் திரு. செந்தூர்பாண்டி அவர்கள்.

அவருடைய தகுதிகளைச் சொல்லியாக வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் நெடுங்காலம் மருந்து கலந்தவர். பக்கத்து அறை வெடித்தபோது தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் பிழைத்தவர். அன்றிலிருந்து இடது காது கேட்காது. மருந்துச் சல்லடையைப் பிடித்தால் கை நடுங்கும். மருந்து அறையில் கை நடுங்குகிறவருக்கு ஆயுள் கெட்டியில்லை. வரலாற்றில் கை நடுங்கினால் யாருக்கும் சேதமில்லை. ஆகவே மனைவி அழகுமீனா அய்யனாருக்குக் கிடா நேர்ந்து, பார்க்க வேண்டியவர்களைப் பார்த்து, இந்த வேலையை வாங்கித் தந்தாள்.

மேலாளர் வீரக்கல்லின் கதையை மனப்பாடம் செய்து காத்திருந்தார். சிவகாசிக்குப் பட்டாசு வாங்க வருகிற கார்கள் நின்றன. இறங்கியவர்கள் நேராகக் கழிப்பறைக்குப் போனார்கள். திரும்பி வந்து காரில் ஏறினார்கள். ஒருவர் மட்டும், "சூப்பரா மெயின்டெய்ன் பண்றீங்க" என்று பாராட்டினார். மண்டபத்தைத்தான் சொல்கிறார் என்று செந்தூர்பாண்டி நாள் முழுக்கப் பூரித்திருந்தார்.

பூரிப்புக்கு அற்ப ஆயுசு. ஞாயிற்றுக்கிழமை கள ஆய்வாளர் ஜெயசுந்தர் வருவார், கூட்டம் இல்லையென்றால் இடத்தை மூடிவிடுவோம் என்று அறக்கட்டளை போனில் சொல்லிவிட்டது. மூடினால் மறுபடி மருந்து அறை. செந்தூர்பாண்டி அன்று சாயங்காலமே கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்துக்கு ஓடினார். பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த பேச்சியம்மாள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். உறவுமுறையில் மதினி.

"மதினி, ஞாயித்துக்கெளம லீவுதான? நம்ம செட்டக் கூட்டிட்டு மேட்டுக்கு வாங்க."

"அங்கன என்ன இருக்கு கொளுந்தனாரே?"

"வரலாறு இருக்கு."

"சோறு இருக்கா?"

"தக்காளிச் சோறு, முட்டை."

"அப்ப வரலாறப் பாத்துர வேண்டியதுதான்."

சொன்னபடி ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பூ வைத்து, பவுடர் போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு வீரக்கல் முன் நின்றார்.

"கள்ளர்க ஓட்டிட்டுப் போன மாட்ட மீக்கப் போயி இந்த வீரன் உயிர விட்டான்."

"மாடு வந்துருச்சா?" என்றாள் பேச்சியம்மாள்.

"வந்துருச்சு."

"மாடு வந்துருச்சுன்னா சரிதான். மேக்கொண்டு சொல்லும்."

மேற்கொண்டு அவர் சொல்வதற்குள் பாதையில் புழுதி கிளம்பியது. "ஏ, ஜீப்பு!" என்றது ஒரு குரல்.

இந்த இடத்தில் அவர்கள் வேலை பார்த்த கம்பெனியின் ஒழுக்கம் ஒன்றை விளக்க வேண்டும். அங்கே சீசனில் ஓர் அறைக்கு அனுமதித்ததைவிட அதிக ஆளை உட்கார வைப்பார்கள். சோதனைக்கு ஜீப் வந்தால் உபரி ஆட்கள் பின்வேலி வழியாகக் கருவேலங்காட்டுக்குள் மறைந்துவிட வேண்டும். யோசிப்பதற்கு அதில் இடமே கிடையாது. காலுக்கே தெரியும்.

கண்ணிமைக்கும் நேரத்தில் மேடு காலியானது. செருப்புகளும் ஒரு தூக்குச்சட்டியும் மட்டும் வரலாற்றைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தன.

முள்ளுக்குள் மூச்சிரைக்கப் பதுங்கியிருந்த பேச்சியம்மாள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"ஓய், நீரு எதுக்கு ஓடியாந்தீரு? நீருதான இங்கன மேனேசரு?"

செந்தூர்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தார். முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. கிழித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆய்வாளர் கவுன்ட்டர் முன் தனியாக நின்றிருந்தார்.

"விசிட்டர்ஸ் எங்கங்க?"

"உள்ள இருக்காக சார்." மேலாளர் முட்காட்டைக் காட்டினார். "ஏலே, எல்லாரும் வெளிய வாங்கலே! இவுக டூரிஸ்ட்டு சாருதான்!"

புதர் அசையவில்லை. அதிகாரியின் ஆள் ஆசை காட்டி அழைத்தாலும் வெளியே வரக்கூடாது என்பது அதே ஒழுக்கத்தின் இரண்டாம் பாகம்.

"சரி, நீங்க ஏன் ஓடுனீங்க?" என்று ஜெயசுந்தர் கேட்டார். அதட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியல சார். ஜீப்புன்னாக." செந்தூர்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். "மூடிராதீக சார். கழுவுறது, கூட்டுறது எதுன்னாலும் பாக்கேன்."

மனமிருந்தும் ஜெயசுந்தருக்கு அறிக்கையில் எழுத ஒன்றுமில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, வேலிக்கதவைப் பூட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் அழகுமீனா பக்கத்து வீட்டில் ஒரு பருத்திச் சட்டை இரவல் வாங்கி வந்தாள். மருந்து அறைக்குள் நைலான் ஆகாது; உரசினால் பொறி பறக்கும்.

"கை நடுங்குதுன்னு போர்மேன்ட்ட சொல்லிரட்டா?" என்றார் அவர்.

"சொன்னா உள்ள விட மாட்டாக."

"சொல்லலன்னா?"

அவள் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.