நாற்பது டன்னுக்கு ஒரு தலை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சிரம்பானில் ராசாவிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. பிக்கப்பின் பின்னால் சங்கிலிகள், ஸ்பேனர் பெட்டி, ஒரு பெரிய டப்பாவில் தண்ணீர். முன்னால் என் கணவர் சேகரும் நானும். போகிற வழியில் சாப்பிட நிறுத்தினோம். ரொட்டி சானாய் தட்டில் பாதி இருக்கும்போதே அவர் எழுந்து போய் வண்டியைக் கிளப்பிவிட்டார். நானும் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இரண்டு பேருக்கும் ஓர் இடத்தில் உட்காரப் பொறுமை இல்லாத நாள் அது.

நாங்கள் தேடிப் போனது ஒரு லோரித் தலை. டிரெய்லரை இழுக்கும் முன்பக்க வண்டியைத் தலை என்றுதான் இங்கே சொல்வோம். உடம்பு எங்களிடம் இருந்தது. தலைதான் இல்லை.

சேகர் செம்பனைத் தோட்டங்களில் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறார். மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்து, வேரைத் தோண்டி, நிலத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலை. இயந்திரம் எங்களுடையது. ஒரு தோட்டத்தில் வேலை முடிந்தால் அதை டிரெய்லரில் ஏற்றி அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போன வருடம் தாழ்வான தளம் கொண்ட பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். தலையை மட்டும் வாடகைக்கு எடுத்துவந்தோம். அந்தத் தலைக்காரர் அந்த வாரம் ஜோகூரில் நீண்ட வேலை கிடைத்துப் போய்விட்டார். இயந்திரமும் டிரெய்லரும் பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நிற்கின்றன. திங்கட்கிழமை காலை லிங்கியில் வேலை தொடங்க வேண்டும். போகாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதாக லிங்கித் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருட வேலை அது.

சேகர் முன்பு டிரெய்லர் ஓட்டியவர். முட்டி கெட்டுப்போய், கனமான கிளட்சை மிதிக்க முடியாமல் இறங்கினார். இப்போது அவரால் கியர் மாற்றத் தேவையில்லாத பிக்கப்பைத்தான் ஓட்ட முடியும். நான் தொழிற்சாலை பஸ் ஓட்டியவள். இரண்டு வருடத்துக்கு முன் டிரெய்லர் லைசென்ஸ் எடுத்தேன். ஆகவே ஓட்டப்போவது நான். தேர்ந்தெடுப்பது யார் என்பதில்தான் ரெம்பாவ் வரைக்கும் வாக்குவாதம். அவருக்கு இழுவை பெரிதாக இருக்க வேண்டும். எனக்கு நிற்கத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும்.

ரெம்பாவ் சிரம்பானிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஊருக்கு வெளியே ஒரு சீன முதலாளியின் பட்டறை, தவுக்கே என்போம். வண்டியைக் கழுவி, சக்கரங்களுக்குக் கறுப்புப் பூசி, எங்களுக்காகவே வாசலில் நிறுத்தியிருந்தார். விலை நாற்பத்தெட்டாயிரம் மலேசிய வெள்ளி. கண்ணுக்கு அழகான வண்டி. ஆனால் பின்னால் ஒரே அச்சு. கொள்கலன் இழுக்கிறவர்களுக்குப் போதும். எங்கள் சுமை தலையோடு சேர்த்து ஏறக்குறைய நாற்பது டன். மழை பெய்த செம்மண்ணில் ஒற்றை அச்சு வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும்.

நான் பின்னால் ஏறி, டிரெய்லரின் கழுத்து உட்காரும் வட்ட இரும்புத் தட்டைப் பார்த்தேன். அதற்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். சக்கரம் என்று பெயர் இருந்தாலும் அது சாலையைத் தொடுவதே இல்லை. டிரெய்லருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த ஆணி அந்தத் தட்டின் நடுவே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். முழுப் பாரமும் அந்த ஒரு பிடியில்தான். எங்கள் ஆணி பெரியது. இந்தத் தட்டின் வாய் சின்னது. தட்டை மாற்றித் தருவதாகத் தவுக்கே மலாயில் சொன்னார். அச்சை மாற்ற முடியாதே என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டு, தம்பினில் ஒருவர் நல்ல தலை வைத்திருப்பதாக அவரே தொலைபேசி எண் கொடுத்தார்.

பத்து மணிக்குத் தம்பின். ரயில்வே பாதையைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. வீரையா அண்ணன் அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, ஒல்லியான ஆள். சிமெண்டு இழுத்து இழுத்து முதுகு போய்விட்டது, மகளோடு கிள்ளானுக்குக் குடிபோகிறேன், அதனால் விற்கிறேன் என்றார். பின்னால் இரண்டு அச்சு. தட்டு எங்கள் ஆணிக்குப் பொருந்தும் அளவு. நிறம் மங்கிய நீலம். எண்பத்தையாயிரம் வெள்ளி கேட்டார்.

என்ஜினைக் கிளப்பியதும் சேகரின் முகம் மாறிவிட்டது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதைவிட நல்லது கிடைக்காது என்று என் காதில் மூன்று முறை சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெறும் தலை எல்லாருக்கும் நல்ல பிள்ளையாகத்தான் ஓடும். சுமையோடு இறக்கத்தில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றேன்.

வீரையா அண்ணன் யோசித்துவிட்டு, "சரி, மாட்டிப் பாரு தங்கச்சி. ஒங்க ஜாமானத்தயே இழுத்துப் பாரு லா. நானும் கூட வர்றேன்" என்றார்.

ஜோகோல் வழியாகப் பகாவுக்குப் போனோம். நான் நீலத் தலையை ஓட்டினேன். பக்கத்தில் வீரையா அண்ணன். சேகர் பிக்கப்பில் பின்னால். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவே மலாய்க்காரர் வீடுகள் கொண்ட ஒரு கம்பம், தொழுகைக்கு ஒரு சூராவ், மறுபடி செம்பனை. சிறு வயதிலிருந்து பஸ்ஸில் போய்வந்த சாலைதான். அந்த உயரமான இருக்கையிலிருந்து பார்க்கும்போது மட்டும் எல்லாம் ஒடுங்கித் தெரிந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. எனக்கு அதன் மேல்தான் கண்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஓர் இளம்பெண். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம், அதற்குள் வெளியேறிவிடுங்கள் அக்கா என்றாள். டிரெய்லர் மூன்று வாரமாக வெயிலிலும் மழையிலும் நின்றிருந்தது. சேகர் டயர்களைத் தட்டிப் பார்த்தார், விளக்குகளைச் சோதித்தார். நான் தலையைப் பின்னால் விட்டு, ஆணி தட்டில் பூட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டேன். சிவப்பு, மஞ்சள் என இரண்டு காற்றுக் குழாய்களையும் மாட்டினேன். சிவப்புக் குழாயின் காற்றுதான் டிரெய்லர் சக்கரங்களை விடுவிக்கும். மஞ்சள் குழாய் பிரேக்கை மிதிக்கும்போது டிரெய்லரையும் பிடிக்கச் சொல்லும். சேகர் எக்ஸ்கவேட்டரை ஏற்றினார். சங்கிலி போட்டு இறுக்கினோம். தோட்டச் சாலையில் மெதுவாக உருட்டி ஒரு முறை பிரேக் மிதித்தேன். நின்றது. மழைத் துளிகள் விழ ஆரம்பித்திருந்தன. கேட்டைத் தாண்டினோம்.

கோலப்பிலா வரை ஒரு குறையும் இல்லை. ஊரைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் நீலத் தலை முனகாமல் ஏறியது. சேகர் போன் செய்து, எப்படி இழுக்கிறது பார்த்தாயா என்று கேட்டார். இறங்கி முடித்த பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

புக்கிட் புத்துஸ் உச்சியைத் தாண்டும்போதே கியரைக் குறைத்துக்கொண்டேன். சாலை ஈரம். சிரம்பான் பக்கத்து இறக்கம் நீளமானது. என்ஜின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் வேகம் கூடியது. பிரேக்கை மிதித்தேன், குறைந்தது. விட்டேன், மறுபடி கூடியது. மூன்றாம் முறை மிதித்தபோது கால் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. கருகிய வாடை உள்ளே வந்தது. கண்ணாடியில் பார்த்தால் எங்கள் தலையின் பின்சக்கரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை.

வீரையா அண்ணன் முன்னாலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து புகையைப் பார்த்துவிட்டு சேகர்தான் அடிக்கிறார் என்று தெரியும். எடுக்கக் கை இல்லை.

எனக்கு எதிரே இருந்த சிவப்புக் குமிழை இழுத்தால் சிவப்புக் குழாயின் காற்று நின்று டிரெய்லரின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அந்த வேகத்தில், ஈரச் சாலையில் இழுத்தால் டிரெய்லர் பக்கவாட்டில் வீசிக்கொண்டு எங்களையே வந்து அடிக்கும். அதற்கு முன் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஹார்னை அழுத்தியபடி, விட்டு விட்டு மிதித்தேன். முன்னால் போன ஒரு கார் ஒதுங்கி வழிவிட்டது. ஒரு வளைவு தாண்டியதும் இடது பக்கம் சாலையோரம் அகலமாக, கொஞ்சம் சமமாகத் தெரிந்தது. என்ஜினும் பிரேக்கில் மிச்சமிருந்த பிடியும் சேர்ந்து வண்டியை ஒருவழியாக நடைவேகத்துக்குக் கொண்டுவந்தன. ஓரத்தில் ஏற்றிவிட்டுச் சிவப்புக் குமிழை இழுத்தேன். சங்கிலிகள் படீரென்று இறுகின. நின்றுவிட்டது.

சேகர் பிக்கப்பை நிறுத்திவிட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். நேராக வீரையா அண்ணனிடம்தான் போனார். பிரேக் இல்லாத வண்டியைக் கொடுத்து என் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தாயா என்று கத்தினார். அவர் சட்டைமேல் கைவைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அந்த மனிதர் சாலைத் தடுப்பில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை, நடந்தேன். தலையின் சக்கரங்கள் பக்கம் போக முடியவில்லை, அடுப்பு மாதிரி அனல். அப்படியே டிரெய்லரை ஒட்டி நடந்து, அதன் சக்கரத்துக்கு எதிரே கையை நீட்டினேன். அனல் இல்லை. தைரியமாகத் தொட்டேன். மழையில் நனைந்த கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. அடுத்த சக்கரத்தைத் தொட்டேன், மறுபக்கம் போய்த் தொட்டேன். எல்லாம் ஜில்.

"ஏங்க, அவர விட்டுட்டு இங்க வாங்க. கை வச்சிப் பாருங்க" என்றேன்.

அவர் தொட்டார். அடுத்ததையும் தொட்டார். டிரெய்லர் வழி நெடுக ஒரு முறைகூடப் பிரேக் பிடிக்கவில்லை என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. நான் மஞ்சள் குழாயைக் கழற்றினேன். டிரெய்லர் பக்கத்து முனையில் மூடி எப்போதோ விழுந்துபோயிருந்தது. வாய்க்குள்ளே சிவந்த மண் இறுகிக் கிடந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தி எடுத்தபோது செத்த சிலந்திகளும் ஒரு வெளிறிய புழுவும் சேர்ந்து வந்தன. குளவிக் கூடு. மூன்று வாரத்தில் ஒரு குளவி எங்கள் காற்றுப் பாதையை அடைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. டயரையும் விளக்கையும் பார்த்தோம். குழாயின் வாயை அவரும் பார்க்கவில்லை, மாட்டிய நானும் பார்க்கவில்லை.

சேகர் அந்த மண்ணைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு வீரையா அண்ணனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"நானுந்தான உள்ள ஒக்காந்திருந்தேன் தம்பி. தெரிஞ்சி யாராச்சும் கூட வருவானா?" என்றார் அவர்.

சக்கரங்கள் ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. குழாயைச் சுத்தம் செய்து மாட்டினோம். நான் மிதிக்க மிதிக்க, சேகர் கீழே படுத்து டிரெய்லரின் பிரேக் தண்டுகள் நகர்வதை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குரல் கொடுத்தார். எழுந்து வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, இந்தத் தலை வேண்டாம் என்றார். இனி இதைப் பார்த்தாலே தனக்கு அந்தப் புகைதான் ஞாபகம் வரும், வேறு பார்ப்போம், லிங்கி போனால் போகட்டும் என்றார். இதைவிட நல்லது கிடைக்காது என்று காலையில் என் காதில் மூன்று முறை சொன்ன அதே மனிதர்.

"மொத்த சொமையையும் இது ஒண்டியா புடிச்சி நிறுத்தியிருக்கு. இதுக்கு மேல நான் என்னத்த சோதிக்கிறது? இதயே வாங்குவோம்" என்றேன்.

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். ஓட்டப்போறது நீதானே, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் பிக்கப்புக்குப் போனார். மீதி இறக்கம் முழுக்க எனக்கு முன்னால் மெதுவாகவே போனார்.

மாலையில் சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். கருகிய பிரேக் கட்டைகளை ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினார்கள். எங்கள் கோளாறால் கருகியது, ஆகவே செலவு எங்களுடையது. விலையில் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. பெயர் மாற்றும் வரை தன் பெயரிலேயே ஓடட்டும் என்று சொல்லிவிட்டு வீரையா அண்ணன் தம்பின் பஸ் ஏறினார். போகும்போது நீல வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துத் தலையசைத்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் லிங்கி. ராசாவிலிருந்து கடற்கரைக்குப் போகும்போது காரில் எத்தனையோ முறை கடந்த வழி. சாலை மட்டம் என்றே நினைத்திருந்தேன். நாற்பது டன்னோடு போனபோதுதான் அதில் எத்தனை சின்னச் சின்ன இறக்கங்கள் என்று கால் எண்ணியது. வீட்டுப் பக்கம் என்பதால் தெரிந்த சாலை ஆகிவிடாது போலிருக்கிறது.

தோட்டத்தில் சேகர் எக்ஸ்கவேட்டரை இறக்கினார். பாரம் இறங்கியதும் டிரெய்லர் மெல்ல நிமிர்ந்தது. முதல் மரத்தை அவர் சாய்க்கும்வரை நின்று பார்த்தேன். எனக்கு வேலை முடிந்துவிட்டது. உட்காரலாம் என்று பார்த்தால் உட்கார முடியவில்லை. அப்போது போன் வந்தது. ஜெலுபு பக்கம் ஒரு குத்தகைக்காரர். என்னிடம் தலையும் டிரெய்லரும் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம், ஓர் இயந்திரத்தை இடம் மாற்ற முடியுமா என்று கேட்டார்.

இறக்கம் எவ்வளவு தூரம் என்று முதலில் கேட்டேன். வாடகை பற்றி அப்புறம்தான் பேசினோம்.