அண்ணன் வீட்டுக் கரை

அப்பா போனதும் கடலோர வீட்டை அண்ணன் ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டான். தங்கைக்குச் செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, கடல் எவ்வளவு கரையை அரித்திருக்கிறது என்று பார்த்து அபாயக் கோடு போடும் வேலை. புதுப் படம் வந்தால் முதலில் அந்த வீட்டைத்தான் தேடுவாள். அலை நெருங்கியிருந்தால் அன்று சாப்பாடு ருசிக்கும்.

வீட்டை விற்க ஆள் பிடித்த அண்ணன் அவளுடைய அலுவலகத்துக்கே வந்தான்.

"அபாயக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடும்மா. அப்பா கட்டின வீடு."

அவள் படங்களைத் திரையில் வரிசையாக ஓட்டினாள். மணல் சுருங்கி, வேலி மறைந்து, தண்ணீர் வாசலைத் தொட்டது.

"போடலாம்ணே. முதல்ல கடலைத் தள்ளிப் போகச் சொல்லு."

அவன் போனதும் வரைபடத்தைக் கையோடு வெளியிட்டாள். வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார் என்று அண்ணி அழுதுகொண்டே போன் செய்தாள். இரக்கம் வருகிறதா என்று தங்கை சற்று நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை.