பச்சைமலை ஓடையில் கரண்டு எடுத்த பம்பு மெக்கானிக்

பதினெட்டு வருடமாகப் பள்ளியில் நீர்மின் நிலையத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். மேட்டூருக்கும் இரண்டு முறை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கமோ கரண்டைக் கொடுத்துத் தண்ணீரை மேலே இழுத்தே பழகிய சீமை. இங்கே ஒருவர் தண்ணீரைக் கொடுத்துக் கரண்டு எடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 2005 நவம்பர், நல்ல மழை. ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

அரியலூரில் காலை 5.40 பஸ். பெரம்பலூருக்கு ஒரு மணி நேரம், பத்து ரூபாய். பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி, ஒரு வடை. அங்கிருந்து வேப்பந்தட்டைக்கு அரை மணி நேரம், ஐந்து ரூபாய். நான் பார்க்கப் போன பம்பு மெக்கானிக் செல்வராசு தன் மொபெட்டோடு காத்திருந்தார். அடிவாரம் வரை ஒன்பது கிலோமீட்டர், பிறகு ஓடையோரமாக இரண்டு கிலோமீட்டர் நடை.

வழியிலேயே மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். "எங்க அக்கா வாக்கப்பட்ட ஊரு சார். பதினோரு வூடு, கரண்டு லைன் இன்னும் வரலை. எம் பேச்சை நம்பி மூணு வாரமா ஊரே வாய்க்கா வெட்டியிருக்கு. இன்னிக்குச் சக்கரம் சுத்தலைன்னா நான் பாட்டுக்கு வண்டியேறிப் போயிருவேன். அக்காதான் தெனம் பேச்சு கேக்கணும்."

அவர் செய்திருந்த வேலை எளிமையானது. ஓடைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, நாற்பது அடி உயரத்திலிருந்து நாலு இஞ்ச் குழாயில் இறக்கியிருந்தார். கீழே ஆயில் என்ஜினில் ஓடிய பழைய பம்பு ஒன்று. தண்ணீரை வெளியே தள்ளும் வாய் வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டால், பம்பின் சக்கரம் தலைகீழாகச் சுற்றும். பெல்ட் போட்டு அதை ஒரு லாரி டைனமோவோடு இணைத்திருந்தார். மேட்டூரிலும் சங்கதி இதுதான். எவ்வளவு உயரத்திலிருந்து, எவ்வளவு தண்ணீர் என்ற இரண்டே கேள்வி. அங்கே ஆறே இறங்குகிறது. இங்கே பதினைந்து லிட்டர் வாளி நாலு நொடியில் நிறைகிறது. பதினோரு வீட்டிலும் வீட்டுக்கொரு சின்ன பல்பு எரிய அது போதும்.

செல்வராசுவின் அக்கா ராணியின் மாமனார் அய்யாக்கண்ணு மட்டும் சற்றுத் தள்ளியே நின்றார். ஓடைக்குக் கீழே இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்.

"கரண்டை எடுத்துட்டா தண்ணியில என்ன சத்து இருக்கும்? எம் பயிருக்குச் சக்கைதான வரும்?"

"ஐயா, எங்க சொந்த ஊரு திருமானூரு. மேட்டூர்ல கரண்டு எடுத்துட்டு வுட்ட தண்ணிதான் எங்க கொள்ளிடத்துல வருது. அதுலதான் நெல்லு வெளையுது. தண்ணி அப்படியேதான் இருக்கும், எறங்குற வேகத்தை மட்டுந்தான் எடுத்துக்கறோம்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பதினொன்றரைக்குத் தண்ணீரைத் திறந்தார்கள். குழாய் நிறைந்து விம்மியது. சக்கரம் அசையவில்லை. செல்வராசு பெல்ட்டைத் தளர்த்தினார், கையால் சுற்றிப் பார்த்தார், மேலே ஓடிப்போய்க் குழாய் வாயில் கட்டிய சல்லடையில் சிக்கிய இலையை எடுத்தார். முக்கால் மணி நேரம் போயிற்று. ஒருவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். "மூணு வார வேலை," என்றார் அய்யாக்கண்ணு. சத்தமாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்டது. நான் படித்த பௌதிகமெல்லாம் எங்கே போயிற்றோ, எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

ராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பு இருந்த பள்ளத்தில் இறங்கினார். தண்ணீர் வெளியேற வேண்டிய குழாயின் நுனியைத் தடவிப் பார்த்தார்.

"ஏண்டா, இங்க எதுக்குடா புட்வால்வு மாட்டியிருக்க?"

செல்வராசு தலையில் கை வைத்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீர் குழாயிலிருந்து திரும்ப இறங்கிவிடாமல் தடுக்கும் வால்வு அது. உள்ளே விடும், வெளியே விடாது. இருபது வருடமாகப் பம்பைத் தொட்டால் புட்வால்வு மாட்டிய கை, இங்கேயும் மாட்டிவிட்டது. எங்கள் வறண்ட பூமியின் மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. ராணியே ஸ்பேனரை வாங்கிக் கழற்றினார்.

தண்ணீர் பீறிட்டது. சக்கரம் சுற்றியது, பெல்ட் பாடியது, கம்பத்தில் கட்டியிருந்த பல்பு முதலில் சிவந்து பிறகு வெளுத்தது. மேட்டூரின் ராட்சதச் சக்கரங்களைப் பார்த்தபோது கூட எனக்கு இப்படி நெஞ்சு நிமிரவில்லை. என் மாவட்டத்துக்காரன், எங்கள் ஓடை, காயலான் கடைச் சாமான். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசியிலிருந்து தை வரைதான் ஓடையில் தண்ணீர் இருக்கும். சாப்பாடு, தண்ணீர் வேப்பந்தட்டையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பாறை வழுக்கும், செருப்பு உதவாது. பெரம்பலூருக்குக் கடைசி பஸ்ஸை அங்கேயே விசாரித்துவிட்டு மலைப்பக்கம் போங்கள். எனக்கு மொத்தச் செலவு ஐம்பத்தைந்து ரூபாய்.

நான் கிளம்பும்போது ஊர் எல்லை வரை அய்யாக்கண்ணு கூடவே வந்தார். நான் கும்பிட்டுத் திரும்பியபோதுதான் கூப்பிட்டார்.

"சார், நீங்க கம்ப்யூட்டர்ல எழுதுவீங்களாம்ல. மெக்கானிக்கு பேரைப் போடுங்க, வேணாங்கலை. ஆனா கோளாறைக் கண்டுபுடிச்சு ஓட வச்சது எங்க வூட்டு மருமவ. அதை முன்னாடி போடுங்க."