அருள் என்று நம்பிய மாத்திரை

என்னை நம்பிய ஒரு பையனுக்குச் சத்து மாத்திரை என்று பொய் சொல்லி ஊக்க மருந்து கொடுத்தேன், ஒரு சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்பதற்காக. அறியாமல் செய்த பிழை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. மலாக்காவில் ஒரு கிளினிக்கில் டிரெசராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. அந்த மாத்திரை உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, அடுத்த வருடம் அது. காஜா பெராங்கில் எங்களுக்கு ஒரு சைக்கிள் கிளப் இருந்தது. நான் அதன் செயலாளர். புதிய அரசாங்கம் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்கப்போகிறது, ஜெயிக்கிற கிளப்புக்குத்தான் மானியம், ஜெயித்தவனுக்குக் கோலாலம்பூர் பயிற்சி முகாமில் இடம் என்று மாநில விளையாட்டுக் குழுவில் சொல்லிவிட்டார்கள். தோற்றே பழகியவர்கள் நாங்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது.

எங்கள் நம்பிக்கை ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பையன்மேல் இருந்தது. பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வம்சம் அது; அவன் வீட்டில் பேசுவது மலாய்தான். உறவுமுறைகளிலும் சாமி காரியங்களிலும் மட்டும் தமிழ் மிச்சமிருந்தது. என்னை அண்ணே என்பான். அவன் மலாயில் சொன்னவற்றைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பந்தயம் மாரியம்மன் திருவிழா நாட்களில் வந்தது. செட்டிகள் அதை டத்தோ சாச்சார் என்பார்கள். பையன் விரதத்தில் இருந்தான். பந்தயத்தன்று காலை மாத்திரையை நீட்டினேன்.

"என்ன அண்ணே இது?"

"சத்து மாத்திரை. முழுங்கு."

"ஓபாட் குவாட்டா? எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலியே!"

கல்யாணமான ஆண்களுக்குச் சந்தையில் கூவி விற்கும் வீரிய மருந்தைச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிப்பை நிறுத்திக் கேட்டான்: "விரதத்துக்கு ஆகாதது எதுவும் இதுல இல்லியே?"

"இல்லை" என்றேன்.

குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுக்கும் ஒரு தமிழ் இளைஞன்தான் ஜெயிப்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆயர் குரோ மேட்டில் எங்கள் பையன் அவனைத் தாண்டினான். அதற்குப் பிறகு யாராலும் அவனை எட்ட முடியவில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பையனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் அகல விரிந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தபடி, நிறுத்தாமல் பேசிக்கொண்டு, துடைத்த சைக்கிளையே மறுபடி துடைத்தான். அந்த மாத்திரையின் குறிகள் அவை என்று எனக்குத் தெரியும். அவன் அம்மா கற்பூரம் ஏற்றி, அவன் நெற்றியில் திருநீறு பூசினார். விரதமிருந்த மகன்மேல் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார். வருடம் தவறாமல் காவடி எடுப்பதாக அங்கேயே நேர்ந்துகொண்டார்கள். அவர்கள் கொடுத்த பலகாரத்தை வாங்கித் தின்றேன்.

மானியம் வந்தது. முகாமுக்குப் போனவன் சில வாரங்களில் திரும்பிவிட்டான். அன்று ஓட்டியதுபோல் மறுபடி ஓட்ட வரவில்லை என்றான். அம்மன் தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று முடிவுகட்டி, பந்தயத்தையும் விட்டான். காவடியை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் விரதம் கடுமையாகிக்கொண்டே போனது.

"அண்ணே, நீங்க படிச்சவங்க. நான் என்ன தப்புப் பண்ணிருப்பேன்? மீன் கொழம்பு கரண்டியத் தொட்டிருப்பேனோ?"

"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

மற்றபடி அவை நல்ல வருடங்கள், மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் பையன்களோடு பத்து பெரெண்டாம் விமான நிலையம்வரை ஓட்டிப்போய், விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு சாப்பிடுவோம். எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். அவன் கேள்வியை மறந்திருக்கவும் முடிந்தது, அவன் அடுத்த தடவை கேட்கும்வரை.

மலேசியா உருவாகிச் சில வருடங்கள் கழித்து, கிளப் செயலாளர்களைக் கூட்டி, கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரி பேசினார். மருந்து கொடுக்கும் கிளப்புக்கு இனி அரசாங்கப் பணம் கிடையாது. பந்தயம் முடிந்ததும் பந்தயக்காரர்களின் சிறுநீரைச் சோதிக்கக் கிளப்புகள் ஒத்துழைக்க வேண்டும் என்றார்.

"எங்காளு வழியிலயே போயிட்டு வந்துட்டா என்னா சார் பண்றது?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது.

சிரிப்பு அடங்கியதும், மருந்து தெரிந்தவர், நேர்மையானவர் என்று சொல்லி, மாநிலத்தின் சோதனைப் பொறுப்புக்கு என் பெயரை முன்மொழிந்தார்கள். கை தட்டினார்கள். நாளை பதில் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நான் ஒரு தப்பும் பண்ணலியா?"

"நீ பண்ணவில்லை. நான் பண்ணினேன்."

தரையில் உட்கார்ந்து அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க அண்ணே" என்றான். போனேன்.

மறுநாள் குழுவிடமும் சொன்னேன். செயலாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். அந்த வருட மானியம் எங்கள் கிளப்புக்கு இல்லை. பையன்கள் என் காதுபடத் திட்டினார்கள். முதலிடத்தைக் குருபோங் இளைஞனுக்கு மாற்றினார்கள். அவன் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அந்த மேட்டுல அவன் மூஞ்சியப் பாத்தேன்யா, பேயடிச்ச மாதிரி. அப்பவே நெனச்சேன். இப்ப வந்து கப்பு குடுக்கிறீங்க! முகாமுக்குப் போற வயசக் குடுப்பீங்களா டிரெசரய்யா?"

முடியாது என்றேன். தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினான்.

செட்டிப் பையன் ஒரு வருடத்துக்குமேல் என்னோடு பேசவில்லை. பந்தயத்துக்கு வயது தாண்டிவிட்டது என்றாலும், ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு மறுபடி வர ஆரம்பித்தான். பிறகு, மருந்தின் கேட்டைத் தன் உடம்பிலேயே அறிந்தவன் என்று சோதனைப் பொறுப்பைக் குழு அவனிடமே கொடுத்தது. வேலைக்கு ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டு, சிறுநீர் பிடிக்கும் குப்பி கழுவவாவது வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். வரச் சொன்னான்.

அவன் பொறுப்பில் நடந்த முதல் பந்தயத்தன்று காலை முழுவதும் குப்பிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். முதல் பந்தயக்காரன் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, இனிமே நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

குரலில் கோபம் இல்லை. மர நிழலில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு குப்பியாக மூடி முத்திரையிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.