கீழ்வீட்டு ஜாஸும் என் மகளின் காதும்

உலகப் போரில் துறைமுகத்தில் குண்டு விழுந்த காலையில், விமானங்களைச் சுட்ட பீரங்கிச் சத்தம் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டையே உலுக்கியது. அதன்பிறகு என் பத்து மாத மகளுக்குக் காது கேட்கிறதா என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பின்னால் நின்று தகரத் தட்டைத் தட்டுவேன். திரும்பினால் என் நிழலைக் கண்டிருப்பாள் என்று தோன்றும். திரும்பாவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. டாக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். கணவரும் அதையே சொன்னார். எனக்கோ பொறுக்க வராது.

கீழ்வீட்டு அண்ணன் ஞாயிறுகளில் மாதா கோவிலில் ஹார்மோனியம் வாசிப்பவர். சனி பின்னேரங்களில் வீட்டு ஹார்மோனியத்தில் ஜாஸ் வாசிப்பார். அவரோடு ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் ஒருவர் கிளாரினெட் ஊதுவார். மூன்றாமவர் துறைமுகத் தொழிலாளி. கவிழ்த்த தேயிலைப் பெட்டியில் ஒரு தடியை நிறுத்தி, தடி நுனியிலிருந்து பெட்டிக்கு ஒற்றைக் கயிறு கட்டி மீட்டுவார். தடியைச் சாய்த்தால் ஒலி இறங்கும், நிமிர்த்தினால் ஏறும்.

"பிள்ளையக் கொண்டு வாரும் தங்கச்சி. இவையள்ற சத்தத்துக்குத் திரும்பாட்டி வேற எதுக்குத் திரும்பப் போறாள்?" என்றார் அண்ணனின் மனைவி. அந்தச் சனி மகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நான் பள்ளியில் சுரக் குறிப்புப் புத்தகம் பார்த்துப் பியானோ படித்தவள். "புத்தகம் எங்க அண்ணன்?" என்று கேட்டேன்.

"புத்தகம் வச்சா இந்த மனுசன் பாக்கிறதா? கோவில்லயே பாக்கிறதில்ல. பாதருக்குத்தான் தெரியாது," என்றார் கிளாரினெட்காரர்.

"நான் பிழை விட்டா நீங்க ரெண்டு பேரும் அதையே வாசியுங்கோவன். பிறகு அது பிழையில்லத்தானே," என்றார் அண்ணன்.

பகிடி என்றுதான் நினைத்தேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு நடன மெட்டில் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் விரல் தவறான கட்டையில் விழுந்தது. என் உடம்பு கூசியது. ஆனால் கிளாரினெட் அந்தத் தவறையே பிடித்து மேலே ஏறியது. பெட்டியின் ஒலி அதற்குக் கீழே தரை போட்டது. அப்படி ஒரு வழி அங்கே இருப்பது ஒரு நொடிக்கு முன் மூவருக்குமே தெரியாது.

மகள் தவழ்ந்து போய்ப் பெட்டியில் இரு கைகளையும் வைத்துச் சிரித்தாள். "அவளுக்குக் கையில அதிருது. அது காதில்லையே," என்றேன்.

பெட்டிக்காரர் கயிற்றை விட்டார். ஹார்மோனியமும் நின்றது. கிளாரினெட்காரர் கிளாரினெட்டோடு பின்கதவால் முற்றத்துக்குப் போய்ச் சுவருக்கு அப்பால் மறைந்தார். அங்கிருந்து ஒரே ஒரு சுரம் மெல்ல வந்தது.

மகள் கதவுப் பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. "ஆ" என்று நீளக் கூப்பிட்டாள்.

சுவருக்கு அப்பாலிருந்து அதே "ஆ" கிளாரினெட்டில் திரும்பி வந்தது. அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். அண்ணன் அவள் குரலைத் தேடிக் கட்டையை அழுத்தினார், பெட்டியும் சேர்ந்தது. என் மகளின் கத்தலிலிருந்து ஒரு பாட்டு புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"போதுமா தங்கச்சி?" என்று வாசித்தபடியே கேட்டார் அண்ணன்.

"நிப்பாட்டாதீங்கோ," என்றேன்.